சதுர்த்தசியன்று ஒரு லோட்டா சர்க்கரைத் தண்ணீர்

மல்லிநாதனுக்கு உட்காரவே தெரியாது. அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் ராணுவ லாரி ஓட்டி, முழு உடம்போடு காஞ்சிபுரம் திரும்பியவர், வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். தெரு முழுக்கத் தறி. அதில் ஒன்று சட்டென்று நின்றால்கூட, குண்டு விழப்போகிற மாதிரி மனிதர் குப்புறப் படுத்துவிடுவார்.

ஒரு டாக்டர் வழி சொன்னார். தினம் காலையில் வெறும் வயிற்றில் கொஞ்சமாக இன்சுலின். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் போடும் அதே ஊசிதான். பதற்றம் தணிந்து கண் சொருகும். மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரைத் தண்ணீரும் வயிறு நிறையச் சோறும் கட்டாயம்; தவறினால் உயிருக்கே ஆபத்து. கம்பவுண்டர் முனுசாமி வீட்டுக்கே வந்து போட்டுவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் மல்லிநாதன் குறட்டை விட்டார். மனைவி திரிசலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை; வாசலில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் மெதுவாகப் பேசச் சொன்னாள்.

மனசு சும்மா இருக்குமா? எறும்பைப் பார்த்து ஒதுங்கி நடக்கிற ஜைன வீட்டில் பிறந்தவர், குண்டு ஏற்றிப் போன லாரியை நினைத்து நினைத்து வெந்தார். சதுர்த்தசி வந்தது. திரிசலா பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் இருக்கும் நாள். அவரும் யாரிடமும் சொல்லாமல் விரதம் எடுத்துக்கொண்டார். ஊசியை மட்டும் விடவில்லை. அது வாய் வழியாகப் போவதில்லையே, விரதம் எப்படிக் கெடும்? மகா புத்திசாலி!

பத்து மணிக்கு வேட்டி நனைய வியர்த்தது. கை உதறியது, நாக்கு குழறியது. திரிசலா லோட்டாவோடு ஓடிவந்தாள்.

"வேணாம். நானும் விரதம்."

"ஐயோ, குடிங்க! உயிரு போயிடும்."

"என் லாரியால எத்தினி உயிரு போச்சோ." பல்லை இறுகக் கடித்துக்கொண்டார்.

அழுதாள், திட்டினாள், தாடையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு லோட்டாவைத் தூக்கி, அண்ணாந்து தன் வாயில் ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஒரு சதுர்த்தசியும் தவறாதவள்.

"என் விரதம் போச்சு. உங்களாலதான். இந்தப் பாவத்தையும் சேத்துக்கினு போப்போறீங்களா?"

மல்லிநாதன் வாயைத் திறந்தார்.

ஆறு வாரத்தில் ஊசி முடிந்தது. நடை முழுசாக நிற்கவில்லை; தறி நின்றால் இன்னும் திடுக்கிட்டார். ஆனால் அதற்கடுத்து வந்த சதுர்த்தசிக்குத் திரிசலா பட்டினி கிடந்தபோது, அவள் எதிரிலேயே உட்கார்ந்து, அவள் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டார். தட்டு காலியாகும் வரை எழுந்திருக்கவில்லை.