பெரியப்பாவுக்குத் தீர்த்தம்

பெரியப்பா இழுத்துக்கொண்டு கிடக்கிறார். அவர் வாயில் ஊற்றச் சொல்லிப் பெரியம்மா கொடுத்த தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரமும் துளசியும் மணந்தன. அந்த மணத்தில் மனசு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருப் பெருமாள் கோயில் வாசலுக்குப் போய்விட்டது.

அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. பெரியப்பாவுக்குச் சாமி கிடையாது. கும்பிடுகிறவர்களைக் கண்டால் கேலிதான். ஆனால் ராஜபாளையம் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்தால், கல்தரை குளிர்ச்சி என்று பகலெல்லாம் அந்தக் கோயிலின் முன்மண்டபத்தில்தான் தூங்குவார். வாசலில் ‘இந்து அல்லாதோர் உள்ளே வரக்கூடாது’ என்று போர்டு. அதன் கீழே பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா, காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்காக நான் டம்ளரில் வாங்கி வந்த தீர்த்தத்தைப் பெரியப்பா எழுந்து வந்து பிடுங்கினார்.

“ஏட்டி, போர்டு கண்ணுக்குத் தெரியலையா?”

“நான் உள்ள வரலையேண்ணே. நம்பி வந்துருக்கேன், பிள்ளைக்கு ஒரு வாய் குடுங்க.”

“இதுல என்னட்டி இருக்கு? வெறும் தண்ணி.”

“வெறும் தண்ணிதானே, குடுங்கண்ணே.”

அவள் காலடியில் கொட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இப்போது, டம்ளர் உதட்டில் பட்டதும் பெரியப்பா வாயைத் திறந்தார். அவர் காதருகே குனிந்து, “வெறும் தண்ணிதான், பெரியப்பா” என்று சொல்லிவிட்டு ஊற்றினேன்.