ஹெட் கிளார்க்கின் பேனாவும் இரண்டு கட்டங்களும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தி. நகரில் ஒரு ஆபீசில் வேலை பார்த்தேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியைப் பிரிப்பார்கள். மேஜைக்கு ஒரே பிரதி, ஒரே பேனா. விடை சொன்னவரே கட்டத்தில் எழுத வேண்டும் என்பது மேஜைச் சம்பிரதாயம். பேனா ஹெட் கிளார்க்குடையது. யோசிக்கும்போது மூடியைக் காதுக்குள் விட்டுக் குடைவார், வெளியே எடுத்து வெளிச்சத்தில் ஆராய்வார், பேண்ட்டில் துடைப்பார். துடைக்காத நாளும் உண்டு.

எனக்கு அநேகமாக எல்லா விடையும் தெரியும். எட்டு மாதத்தில் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பழியைப் பேனாமீது போட்டுக் காலம் தள்ளினேன்.

அன்று மிஞ்சியது ஒரே குறிப்பு: ‘ஆண்மை மெய்யிழந்தால் ஓட்டுக்குள் ஒடுங்கும்.’ இரண்டு கட்டம். நடுவிலுள்ள மெய்யெழுத்தை உருவினால் ஆமை. என்னை யாரும் இவ்வளவு சுருக்கமாகத் திட்டியதில்லை.

“நண்டு சார்,” என்றார் டைப்பிஸ்ட் அம்மா, தயிர்சாத விரலை நக்கியபடி.

“மூணு எழுத்தாச்சேம்மா?” என்றார் ஹெட் கிளார்க்.

“ண்டுவைப் பொடிசா எழுதினா ஒரே கட்டத்துல அடங்கிடும்.”

பேனா டைப்பிஸ்ட் அம்மாவின் கைக்குப் போனது. அடித்தல் திருத்தல் இருந்தால் கூப்பன் செல்லாது. நண்டை நசுக்கிக் கட்டத்துக்குள் திணிக்க அவர் குனிந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

“ஆமை,” என்றேன். கீச்சென்று வந்தது. காரணத்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

“இன்னா நைனா, உனக்கு வாய்கூட கீதா?” ஹெட் கிளார்க் பேனாவை வாங்கி என்னிடம் நீட்டினார். “நீயே எழுது.”

மூடியின் நுனியில் மஞ்சளாக ஏதோ இருந்தது.

“வேணாம் சார். நீங்க அதுல காது குடையறீங்க.”

அவர் பேனாவை முதன்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். “அதுக்கின்னா இப்போ? என் காதுதானே?” என்று முனகிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். நான் என் பேனாவால் எழுதினேன். அவசரத்தில் ஆமைக்குக் கொஞ்சம் வால் முளைத்தது.

மறுநாள் டைப்பிஸ்ட் அம்மா என் இடத்துக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். “தம்பி, மேனேஜர் வாஷ்பேசின்ல வெத்தலை எச்சில் துப்பறாரு. ரெண்டு வருஷமா யாரும் சொல்லலை. நீங்கதான் தைரியசாலி.”

எட்டு மாதம் வாய் மூடியிருந்த நிம்மதி எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் புரிந்தது. மேனேஜர் அறை வரை போனேன். உள்ளே காறும் சத்தம் கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு கதவைத் தட்டினேன்.