சிவப்புப் பொட்டு வெச்ச சாரை

என் பொண்ணு நகப்பாலிஷ் பாட்டிலைத் தொறந்தா வூடு முழுக்க அந்த வாசனை ஏறும். மத்த அப்பனுங்களுக்கு அப்போ பொண்ணு வளந்துட்டாளேன்னு தோணுமாம். எனக்கு சாரைப் பாம்பு ஞாபகம் வரும். இத வெளிய சொன்னா, இவனுக்கு மண்டையில ஏதோ கழண்டுக்கிச்சும்பாங்க. ஏற்கெனவே அப்படித்தான் பேச்சு, அதனால தைரியமா சொல்றேன்.

தொண்ணூத்தொண்ணுல ஒரகடம் பக்கம் இவ்ளோ கம்பெனி கெடையாது. எங்க ஊரு ஒரகடத்துக்கும் மணிமங்கலத்துக்கும் நடுவுல, ஏரியை ஒட்டி. எனக்கு அங்க வாடகை சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்றதும் ஜோக் அடிக்கிறதும் தொழில். ரெண்டுல பஞ்சர்தான் கொஞ்சம் நின்னுச்சு. அப்போ மெட்ராஸ்லேர்ந்து பாம்பு ஆராய்ச்சிக்குன்னு ஒரு அம்மா வர ஆரம்பிச்சாங்க. ஊருக்கே அவங்க பாம்பு மேடம். காலைல பஸ்ஸைவிட்டு எறங்கினதும் என் கடையில சைக்கிள் எடுப்பாங்க. கேரியர்ல ஒரு கொக்கிக் கம்பி, நாலஞ்சு துணிப்பை. நெல்லு வெளையற எடத்துல எந்தப் பாம்பு எவ்ளோ இருக்கு, எங்க போய் எங்க வருதுன்னு பாக்கறதுதான் அவங்க படிப்பு. பாம்புன்னாலே தடியெடுத்து அடிச்சுக் கொளுத்தற ஊர்ல இதப் படிக்க வந்தாங்களேன்னு எனக்கே பாவமா இருந்துச்சு.

ஆனா ஊரு அவங்களத் தூக்கி வெச்சுக் கொண்டாடுச்சு. வயல்ல பாம்பக் கண்டா அடிக்கறத நிறுத்திட்டு, "ஏ, மேடத்தக் கூப்புடு!"ன்னு வரப்புக்கு வரப்பு சத்தம் தாவும். என் கடைக்கு வந்து சேரும்போது அது சத்தமா இருக்காது, திருவிழாவா இருக்கும். நாட்டாமை அவரு பம்புசெட் ரூம்ல அவங்க சாமான வெச்சுக்கச் சொன்னாரு. யாராவது ஒருத்தர் வூட்லேர்ந்து அவங்களுக்கு மதியம் சோறு வந்துடும். மேடமும், இந்த மாதிரி ஊர்க்காரங்க ஒத்தாசை எங்கயும் கெடைக்கலன்னு சொல்லிச் சொல்லி பூரிச்சுப் போவாங்க.

ஒரு நாள் என்னைக் கூப்ட்டு, பெரும்புதூர் பஜார்ல நகப்பாலிஷ் வாங்கிட்டு வரச் சொன்னாங்க, நல்லா ரத்தச் செவப்பா. கல்யாணம் ஆகாத ஆம்பள, கிரீஸ் கையோட போயி ஃபேன்சி ஸ்டோர்ல சிவப்பு நகப்பாலிஷ் கேட்டா எப்படி இருக்கும்? கடைக்காரன் என் நகத்தப் பாத்தான், மூஞ்சியப் பாத்தான், "யாருக்குப்பா?"ன்னான். பாம்புக்குன்னு உண்மையச் சொன்னேன். அவன் சிரிச்ச சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் பின்னாடியே வந்துச்சு. பிடிச்ச பாம்போட தலை மேல மேடம் ஒரு பொட்டு வைப்பாங்க. தோலு உரிச்சா பொட்டும் போயிடும், அதுவரைக்கும் அடையாளம்.

எல்லாம் கெட்டது ஒரு நடவு அன்னிக்குத்தான். ஊர்ல நடவுக்கு ஆள் கூட்டிக்கினு போற ஒரு அக்கா உண்டு, அவங்க குரலுக்கு ஏரிக் கொக்கே எழுந்து பறக்கும். அந்த அக்கா முன்னாடி வரப்புல ஒரு சாரை போச்சு. தலையில சிவப்புப் பொட்டு. நாத்த அப்படியே போட்டுட்டு, சேத்துக் காலோட மொத்தக் கூட்டமும் என் கடைக்கு வந்துச்சு. அப்பதான் எனக்கும் வெளங்குச்சு. மேடம் பாம்பெல்லாம் மெட்ராசுக்குக் கொண்டு போறாங்கன்னு ஊரே நெனச்சுக்கினு இருந்திருக்கு. நானுந்தான், பொட்டு அங்க போய்க் கணக்கு வெக்கறதுக்குன்னு நெனச்சேன். மேடமோ அளந்து பாத்து, பொட்டு வெச்சு, பிடிச்ச எடத்துலயே விட்டுட்டு வந்திருக்காங்க. இவ்ளோ நாளும் யாரும் கேக்கல, அவங்களும் சொல்லல.

மறுநாள் காலைல பிள்ளையார் கோயில் முன்னாடி ஊர் கூடுச்சு. "கொண்டு போகாததுக்கு எதுக்கும்மா புடிக்கிற?"ன்னாரு நாட்டாமை. பிடிச்ச எடத்துலயே விட்டாத்தான் கணக்கு தெரியும்னு மேடம் எவ்வளவோ சொன்னாங்க. "எங்க உசுரு உனக்குக் கணக்காம்மா?"ன்னு கூட்டத்துல யாரோ கத்தினாங்க. இனிமே வயல்ல எறங்க வேணாம்னு நாட்டாமை சொன்னதும் மேடம் மொகம் செத்துப் போச்சு. எங்க வயல விட்டா அவங்க படிப்பே அதோட முடிஞ்சுது, பொட்டு வெச்ச பாம்பெல்லாம் இங்கதான இருக்கு. நான் ஒரு ஜோக் சொல்லிப் பாத்தேன். என்னையும் ஊரவிட்டு அனுப்பற மாதிரி பாத்தாங்க.

அப்போ அந்த அக்கா எழுந்தாங்க. "இரு சாமி. யம்மா, எங்க நடவுப் பக்கம் எத்தினி சாரைக்குப் பொட்டு வெச்ச?"

"ஒண்ணுக்குத்தான் அக்கா."

 அக்கா நடவுப் பொம்பளைங்க பக்கம் திரும்பி, "ஏண்டி, போன வாரம் களத்துமேட்டுல பாத்தியே, அதுக்குப் பொட்டு இருந்துச்சா?"ன்னாங்க. இருந்துச்சு. பயத்துல அப்போ யாரும் அத யோசிக்கல. பம்புசெட்டுல பாத்ததுக்கு? அதுக்கும். வைக்கப்போர்கிட்ட? யோசிச்சுப் பாத்தா, அதுக்கும்.

"அடப்பாவி! வயல் முழுக்கப் பாம்பா கீதேன்னு நடுங்கிக்கினு இருந்தோம். இத்தினி நாளும் ஊர மெரட்டிக்கினு இருந்தது இந்த ஒண்ணு தானா!"

மொதல்ல சிரிச்சது நாட்டாமைதான். கடைசில, எங்க விடறதா இருந்தாலும் நடவு ஆளுங்ககிட்ட சொல்லிட்டுத்தான் விடணும்னு ஒரு கட்டுப்பாடு போட்டாரு. மேடம் உடனே சரின்னாங்க. அதுக்கப்புறம் அந்த ஆராய்ச்சி ஊரோட ஆராய்ச்சி ஆயிடுச்சு. "பொட்டுக்காரிய ஏரிக்கரையில பாத்தேன்"னு பொம்பளைங்க என் கடையில வந்து சேதி சொல்வாங்க. சாரை தோலுரிச்சு வந்தப்போ மேடம் அளந்து பாத்து அதேதான்னு சொல்லி அதோட கழுத்தப் பிடிச்சுக்க, அந்த அக்காவே பிரஷ்ஷ வாங்கி புதுப் பொட்டு வெச்சாங்க. ஊரே சுத்தி நின்னு பாத்துச்சு. நானும் பாத்தேன், ஸ்டாண்டு போட்ட சைக்கிள் மேல ஏறி நின்னுக்கினு. மேடம் படிப்ப முடிச்சுட்டுப் போற அன்னிக்கு, மீதி பாட்டில அக்காகிட்டதான் குடுத்துட்டுப் போனாங்க.

இப்போ நான் ஒரு கம்பெனியில ஷிப்ட் பஸ்ஸுங்களப் பாத்துக்கறேன். போன மாசம் பார்க்கிங்ல ஒரு சாரை வந்துச்சு. பாம்பு பிடிக்கிற தம்பி வந்து பிடிச்சாரு. "வாராவாரம் வருது, எத்தனை இருக்குன்னே தெரியல, எங்கயாவது தூரமா விட்டுடுங்க"ன்னாரு கம்பெனி எச்.ஆர். சார், மொகமெல்லாம் வேர்த்து. "சார், ஒண்ணே கூட வாராவாரம் வரலாம். பொட்டு வெச்சாத்தான் தெரியும்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. இத்தினி வருஷத்துல நான் ஜோக் அடிக்காம பேசினது அது ஒண்ணுதான், அதுக்குத்தான் இவ்ளோ சிரிப்பு. சாக்குல போடறதுக்கு முன்னாடி அதோட தலையக் கிட்டப் போய்ப் பாத்தேன். இருக்காதுன்னு தெரியும், இருந்தாலும் பாத்தேன்.

சாயங்காலம் பெரும்புதூர் பஜாருக்குப் போனேன். அந்தப் பழைய கடை இல்ல, வேற கடை, வேற பையன். "யாருக்கு அங்கிள்?"னு கேட்டான். சொன்னேன். இவனும் சிரிச்சான். அடுத்த வாட்டி பாம்பு வந்தா பாம்பு பிடிக்கிற தம்பிகிட்ட குடுக்கறதுக்கு, இப்போ என் ஸ்கூட்டர் பெட்டியில ஒரு பாட்டில் கீது. நல்லா ரத்தச் செவப்பு.