கொழும்பு முகவரோடு செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம்

மாமல்லபுரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுவிட்டுச் செங்கல்பட்டு வழியாகப் போகலாமா என்று போன பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். சுற்றுதான். ஆனால் நான் அந்த ஊரை முதன்முதலில் பார்த்தது அந்த வழியாகத்தான், எழுபதுகளின் கடைசியில், ஒரு பிப்ரவரி மாதம். ஊர் பார்க்கப் போகவில்லை. கார் விற்கப் போனேன்.

அப்போது மெட்ராஸில் ஒரு கார் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் எனக்கு வேலை. பிரிவு என்றால் மேலாளர் ராகவன், ஒரு கணக்கர், நான், அவ்வளவுதான். வெளிநாட்டு முகவர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதும், அவர்கள் நேரில் வந்தால் கூடவே போவதும் என் பொறுப்பு. கம்பெனி பெரியது, வெளிநாட்டில் விற்றதோ சொற்பம். அந்தச் சொற்பத்திலும் பெரும்பங்கை வாங்கியவர் கொழும்பைச் சேர்ந்த முகவர் குணதாச. நடுவில் சில வருடங்கள் இலங்கையில் கார் இறக்குமதி அநேகமாக நின்றே போயிருந்தது. மறுபடி திறந்துவிட்டதும் ஜப்பான்காரர்கள் முந்திக்கொண்டு அவரிடம் போய்விட்டார்கள். எங்களோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, விட்டுவிடுவதா என்று முடிவுசெய்ய அவர் மெட்ராஸ் வந்திருந்தார். அவர் விட்டுவிட்டால் எங்கள் பிரிவையே மூடிவிடுவார்கள் என்று ஆபீஸில் பேச்சு.

கிளம்புவதற்கு முந்தின நாள் ராகவன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவரை மாமல்லபுரத்துக்குச் செங்கல்பட்டு சுத்திக் கூட்டிட்டுப் போம்மா. வண்டி கொஞ்சம் நீளமா ஓடட்டும். நல்ல விஷயமா நாலு அவர் காதுல விழணும். மத்ததெல்லாம் உன்னோட நிக்கட்டும்."

காலை ஆறரைக்கு மவுண்ட் ரோடு ஹோட்டலிலிருந்து புது வண்டியில் புறப்பட்டோம். ஓட்டியவர் முனுசாமி, திருப்போரூர்க்காரர். குணதாசவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசாதவர். வசதியாக முன்னால் உட்காருங்கள் என்றதற்கு மறுத்துவிட்டார். "வாங்குகிறவர்கள் குடும்பம் பின்னால்தானே உட்காரும்? அங்கே எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன்" என்றார். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் அவருக்கு நாலைந்து வார்த்தைதான் தெரியும்.

தாம்பரம் தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. மெட்ராஸிலிருந்து செங்கல்பட்டு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ஊருக்கு முன்னால் வரும் கொளவாய் ஏரியில் அந்த வருடம் தண்ணீர் நிறைய. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், "நாஸ்தாவ இங்கியே முடிச்சுக்கலாம்மா, அப்பால ஒண்ணும் கிடைக்காது" என்று முனுசாமி வண்டியை ஓரம் கட்டினார். பொங்கலும் வடையும் சாப்பிட்டோம்.

காபி வரும்வரை குணதாச வெளியே காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "வண்டியில் எனக்குக் குறை இல்லை. எங்கள் மலைப்பாதையில் நன்றாகவே ஏறுகிறது. உடைந்தால்தான் கஷ்டம். பிரேக் சாமானுக்குக்கூட என் டாக்சிக்காரர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்."

"இனிமேல் அப்படி நடக்காது சார்" என்றேன்.

"எதை வைத்துச் சொல்கிறாய்?"

நல்லவேளை, காபி வந்தது.

செங்கல்பட்டிலிருந்து கிழக்கே திரும்பினால் திருக்கழுக்குன்றம் பதினான்கு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் நெல்வயல், நடுநடுவே பாறைக் குன்று. இந்த வழியின் அழகே இந்தப் பகுதிதான். இங்கே வேகமாகப் போகாதீர்கள். மலைக்கோயிலுக்கு ஏற நேரமில்லாமல் கீழிருந்தே கும்பிட்டுவிட்டு, இன்னொரு பதினைந்து கிலோமீட்டரில் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தோம்.

கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது எங்கள் காரைச் சுற்றிச் சுற்றி வந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் தாண்டவராயன். பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். வெள்ளைக்காரப் பயணிகளுக்கு வாடகைக் கார் ஓட்டுகிறார். அவருடைய பழைய கார் சற்றுத் தள்ளி நின்றது. கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

"புச்சா கீதே அண்ணாத்த, யாரு வண்டி?" என்று முனுசாமியைக் கேட்டார்.

"கம்பெனி வண்டிப்பா. இதே மாரி கொழும்புக்கு அனுப்பப் போறாங்க."

தாண்டவராயன் என் பக்கம் திரும்பினார். "நான் இதே வண்டிக்கு புக் பண்ணி ஆறு வருசம் ஆவுதும்மா. எங்க அண்ணன் தம்பிங்க மீன் வித்துக் குடுத்த பணம். கட்டிட்டு ஒக்காந்துகினு கீறேன். இங்க கீறவனுக்கே வண்டி வரல. கடலுக்கு அந்தாண்ட கீறவருக்கு இன்னாத்தக் குடுக்கப் போறீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"என்ன சொல்கிறார்?" என்றார் குணதாச.

முனுசாமி என் பக்கம் குனிந்து, "வண்டி சோக்கா கீதுன்னாருன்னு சொல்லிடும்மா" என்றார் மெதுவாக.

அப்படிச் சொல்லியிருக்கலாம். ராகவன் சார் சொன்னதும் அதுதான். என் வேலையும் அதை நம்பித்தான் இருந்தது. ஆனால் நான் சொல்வதை நம்பிக் குணதாச ஊருக்குப் போய்த் தன் டாக்சிக்காரர்களுக்கு வாக்குக் கொடுப்பார். அவர்களும் இதே மாதிரி ஒருநாள் இவர் எதிரில் வந்து நிற்பார்கள். கயிறு கட்டிய அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாண்டவராயன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

குணதாச அந்தப் பழைய காரின் பக்கம் போய்ப் பார்த்தார். பிறகு, பழைய வண்டியை எப்படி ஓட்டுகிறார் என்று கேட்கச் சொன்னார்.

"புதுப்பேட்டை காயலாங்கடைல தேடினா எதுனா பழசு கிடைக்கும். எடுத்தாந்து மாட்டிக்குவேன். வேற இன்னா பண்றது?"

"என் ஆட்களும் அப்படித்தான்" என்று குணதாச சிரித்தார். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

"இதைச் சொன்னதால் உனக்குத் தொந்தரவு வருமா?" என்று காரில் ஏறும்முன் என்னைக் கேட்டார்.

"வரலாம் சார்."

தலையை ஆட்டிக்கொண்டார். திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாகத் திரும்பினோம். இன்று அடுக்குமாடிகள் நிற்கும் படூர்ப் பக்கமெல்லாம் அப்போது வெறும் வயல். ராகவன் சாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று மெட்ராஸ் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் ராகவன் சாரிடம் நானே போய்ச் சொன்னேன்.

"முழுசாவா சொன்னே?"

"முழுசாத்தான் சார்."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சரி, போ" என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

குணதாச அதன்பின் எங்களிடம் ஒரு கார்கூட வாங்கவில்லை. ஜப்பான் கம்பெனியோடு போய்விட்டார். ஆனால் ஊர் திரும்புவதற்கு முன் ராகவன் சாரிடம் ஒன்று கேட்டார்: "ஏற்கெனவே எங்கள் ஊரில் ஓடுகிற உங்கள் வண்டிகளுக்கு உதிரிபாகமாவது ஒழுங்காக அனுப்புவீர்களா?" அதற்கு ஒப்பந்தம் ஆனது. பிரிவை மூடவில்லை. கார் அனுப்பப் போட்ட திட்டங்களை எடுத்து வைத்துவிட்டு, பிரேக் சாமானும் கியர் சாமானும் பெட்டி பெட்டியாக அனுப்பினோம். பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாத வியாபாரம். ஆனால் சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தது. தாண்டவராயனுக்கு வண்டி கிடைத்தது அதற்கும் இரண்டு வருடம் கழித்து என்று முனுசாமி சொன்னார்.

இப்போது போகிறவர்களுக்கு: சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயிலே நல்லது, இடதுபக்க ஜன்னல் பிடித்தால் ஏரி தெரியும். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு பஸ் இருக்கிறது. முப்பது கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முன் திருக்கழுக்குன்றத்தில் மலை ஏறி இறங்கிவிட்டு, சாயங்காலம் கடற்கரைக்குப் போங்கள்.

அந்த பஸ்ஸில் நான் முதலில் போனது குணதாசவோடும் அவர் மனைவியோடும்தான். அடுத்த வருடம் சொந்தச் செலவில் வந்திருந்தார்கள். கார் அனுப்பட்டுமா என்று ராகவன் சார் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அன்றைக்கு அவருக்கு விற்க என்னிடம் ஒன்றும் இல்லை, என்னிடம் வாங்க அவருக்கும் ஒன்றும் இல்லை. மூவரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்து, வழியெல்லாம் பேசிக்கொண்டே போனோம்.