மகள் விட்டுப்போன கம்ப்யூட்டர்

லோரியின் மேல் ஏறி வலை கட்டும்போது விழுந்தேன். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரியை வலை போட்டுக் கட்டாமல் சாலையில் எடுக்க முடியாது. இருபத்திரண்டு வருடமாக நாளுக்கு மூன்று முறை ஏறி இறங்கிய உயரம்தான். அன்று காலையில் மழை பெய்திருந்தது, கால் வழுக்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் இரண்டு இடத்தில் ஆணி வைத்து முடுக்கி அனுப்பினார்கள். இனிமேல் பெரிய லோரி ஓட்டக்கூடாது என்று டாக்டர் மலாயில் சொன்னார். இப்போதைக்கு ஓட்டக்கூடாது என்று நானாகப் பொருள் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

புக்கிட் பெலிம்பிங்கில் எங்களுடையது மூன்று அறை வீடு. என் மனைவி பக்கத்தில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. காலை ஏழு மணிக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் வருவாள். ஒரே மகள் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவளுடைய அறைதான் குளியலறைக்குப் பக்கத்தில் இருந்தது, கட்டிலும் கெட்டிக் கட்டில். என்னை அங்கே படுக்க வைத்தார்கள்.

அந்த மாதங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை. எழுந்து உட்காரவும் ஆள் வேண்டும். என் மனைவி வேலைக்குப் போகுமுன் என்னைக் குளிப்பாட்டி, தேத்தண்ணியைப் பிளாஸ்கில் ஊற்றிக் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் தலையில் தண்ணீர் ஊற்றும்போது சோப்புத் தண்ணீர் கொஞ்சம் கண்ணில் பட்டுவிட்டது. அதற்காக அவள்மேல் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் சன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவள் துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தாள். மன்னித்துக்கொள் என்ற சொல் எங்கள் கல்யாணத்திலிருந்து அன்றுவரை என் வாயில் வந்ததே இல்லை.

மகளின் அறையில் அவளுடைய கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு பக்கம் கண்ணாடி வைத்த கறுப்புப் பெட்டி. உள்ளே காற்றாடிகள் பல நிறத்தில் மின்னும். பாலிடெக்னிக்கில் படிக்கும்போது பகுதிநேர வேலை செய்து, விளையாடுவதற்காகவே வாங்கினாள். பினாங்குக்குப் போகும்போது சின்ன மடிக்கணினி ஒன்றை எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டாள். நான் உட்கார ஆரம்பித்த பிறகு ஒருநாள் காலையில், வேறு வேலை இல்லாமல் அதன் பொத்தானை அழுத்தினேன். விளக்குகள் எரிந்தன. திரை முழுக்க ஆங்கிலத்தில் ஏதோ அறிவிப்பு. போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். நான் எழுத மாட்டேன். படம் அனுப்புவேன், குரல் அனுப்புவேன்.

பத்து நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, அதுக்கு இனிமே அப்டேட் வராதுன்னு சொல்லுது. புது விண்டோசுக்கு மாத்தவும் முடியாது, பழைய மெஷின்."

"அப்ப வீசிட வேண்டியதுதானா?"

"வீசாதீங்க லா! லினக்ஸ் போட்டா இன்னும் பல வருசம் ஓடும். அம்மா லீவுல இருக்கறப்ப ரெண்டு பேரும் உக்காருங்க, நான் வீடியோ கால்ல சொல்றேன்."

லினக்ஸ் என்றால் என்ன என்று நான் கேட்டேன். விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டும் இன்னொன்று, உலகம் முழுக்க நிறைய பேர் சேர்ந்து எழுதி எல்லாருக்கும் சும்மா கொடுக்கிறார்கள் என்றாள். யாராவது ஒன்றைச் சும்மா கொடுத்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஆனாலும் சரி என்றேன். மகள் என்னிடம் அவ்வளவு நேரம் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. அவள் கூப்பிட்டால் நான் சாப்பிட்டியா என்று கேட்பேன், அவள் சாப்பிட்டேன் என்பாள், போன் அம்மா கைக்குப் போய்விடும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் மனைவியின் மடிக்கணினியில் ஒரு பென்டிரைவைத் தயார் செய்தோம். வீடியோ காலில் மகள் தன் பழைய படங்களையெல்லாம் முதலில் வேறொரு டிஸ்கில் எடுத்து வைக்கச் சொன்னாள். பிறகு பென்டிரைவைக் கறுப்புப் பெட்டியில் செருகித் திறந்ததும், திரையில் எந்த மொழி என்று கேட்டு ஒரு நீளமான பட்டியல் வந்தது. மனைவி ஆங்கிலத்தை அழுத்தப் போனாள். நான் பட்டியல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இரு இரு. கீழ போ. தமிழ் இருக்கு பாரு."

"தமிழ்ல எதுக்குங்க? எனக்குப் புரியாதே, அந்தக் கம்ப்யூட்டர் தமிழு."

எனக்கு மலாய் நன்றாக வரும், ஆங்கிலம் பாதி வரும். தமிழ் ஆறாம் ஆண்டு வரைக்கும் தோட்டத்துப் பள்ளியில் படித்தது. அதற்குப் பிறகு கோயில் நோட்டீசும் பத்திரிகையும்தான். தமிழிலேயே வேண்டும் என்று பிடிவாதம் ஒன்றும் இல்லை. அந்தப் பட்டியலில் நம் எழுத்தைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான். அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். தமிழை அழுத்தினாள்.

'வரவேற்கிறோம்' என்று வந்தது.

அடுத்தடுத்து வந்ததையெல்லாம் நானே சத்தமாகப் படித்தேன். 'தொடர்க', 'நேர வலயம்', 'விசைப்பலகை'. 'கடவுச்சொல்' என்று ஒன்று வந்தபோது குழம்பிவிட்டேன்.

"இதென்னம்மா, கடவுளோட சொல்லா? சாமி பேரு ஏதாவது போடணுமா?"

போனில் மகள் சிரித்த சிரிப்பில் படம் ஆடியது. "பாஸ்வேர்ட்ப்பா! கடப்பிதழ்னா பாஸ்போர்ட் இல்லையா, அந்த மாதிரி." மனைவியும் சிரித்தாள். நான் விழுந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது. உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். பாதிப் பட்டியல் தமிழ், பாதி ஆங்கிலம். பிரிண்டர் மூன்று நாள் முரண்டு பிடித்தது. ஆனால் பெட்டி சீக்கிரம் திறந்தது. காலையில் பத்திரிகை படித்தேன், பழைய பாட்டுக் கேட்டேன், பக்கத்து ஊரான தஞ்சோங் காராங்கில் வாய்க்கால் ஓரமாக யாரோ மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டே எடுத்த வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். தமிழில் எழுதவும் பழகினேன். ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழாக மாறும் முறையைத்தான் மகள் வைத்துக் கொடுத்தாள். இரண்டு விரலால் தட்டுவேன். 'ஞ' எப்படி வரும் என்று கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போயிற்று.

நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு மனைவி ஒரு வேலை கொடுத்தாள். பிள்ளைகளுக்கான பயிற்சித் தாள்கள். பெரிய எழுத்தில் 'படம்', 'மரம்', 'பட்டம்', பக்கத்தில் கோடு. அவள் இதையெல்லாம் வீட்டுக்கு வந்தபின் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். இனிமேல் நான் அடிப்பது, அவள் தன் மடிக்கணினியில் எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அவளுடையது இன்னும் விண்டோஸ்தான். ஒவ்வொரு தடவையும் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு நடப்பது என் முதுகுக்கு ஆகவில்லை. ஒரு கோப்புறையைப் பகிர்ந்துவிட்டால் வீட்டு வைஃபை வழியாக அம்மாவின் கம்ப்யூட்டரிலேயே தெரியும் என்றாள் மகள்.

அதற்கு இரண்டு நாள் ஆனது. மடிக்கணினியில் கோப்புறையின் பெயர் தெரியும், தொட்டால் உள்ளே விடாது. பெயர், கடவுச்சொல் எதைக் கொடுத்தாலும் தப்பு என்றே சொன்னது. கடைசியில் மகள் ஒரு கறுப்புச் சன்னலைத் திறக்கச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தாக ஒரு கட்டளையைச் சொன்னாள்.

"இப்ப பாஸ்வேர்ட் அடிங்கப்பா."

"அடிக்கிறேன், ஒண்ணுமே விழலையே."

"விழும்ப்பா, கண்ணுக்குத் தெரியாது. நம்பி அடிங்க."

நம்பி அடித்தேன். கூடத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது: "என்னங்க, தொறந்துடுச்சு!"

கோப்புறைக்குப் 'பகிர்வு' என்று பெயர் வைத்தேன். அன்றிலிருந்து அவள் கூடத்தில், நான் அறையில். "போட்டாச்சா?" என்பாள். "போட்டாச்சு, பாரு" என்பேன். பதினைந்து அடி தூரம்.

ஒருநாள் காலையில் அவள் பள்ளிக்குப் போன பிறகு, பயிற்சித் தாளை முடித்துவிட்டு, இன்னொரு தாளைத் திறந்தேன். குளியலறையில் அன்று கத்தியதைப் பற்றி நான்கு வரி எழுதினேன். கண்ணில் தண்ணீர் பட்டது உன் தவறு இல்லை, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, என் உடம்புமேல்தான் கோபம், மன்னித்துக்கொள். அவ்வளவுதான். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அதைப் பயிற்சித் தாள்களோடு பகிர்வில் போட்டேன். பிறகு எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

மதியம் அவள் வந்தாள், சோறு போட்டாள், கூடத்தில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். நான் கட்டிலில் படுத்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "போட்டாச்சா?" என்ற குரல் வரவில்லை. நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை. சாயங்காலம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கம்போல என் பட்டையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால், என் தாளில் சிவப்பு நிறம். 'தவறு' என்பதற்கு நான் 'தவரு' என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்தியிருந்தாள். 'மன்னித்துக்கொள்' என்பதில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது, அதையும் போட்டிருந்தாள். அடியில் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல ஒரு நட்சத்திரம். 'நன்று. நானும் சோப்பை அழுத்தித் தேய்த்துவிட்டேன்' என்று எழுதியிருந்தாள்.

அந்தத் தாளை நான் அழிக்கவில்லை. அவளும் அழிக்கவில்லை.

விளையாட்டு வந்தது அதற்கப்புறம். மகள் ஒருநாள், "அப்பா, லோரி ஓட்டற கேம் ஒண்ணு இருக்கு, லினக்ஸ்ல நல்லா ஓடும். உங்களுக்கு ஒண்ணு வாங்கி அனுப்பியிருக்கேன்" என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. நிஜ லோரி ஓட்டியவனுக்குப் பொம்மை லோரியா என்று நினைத்தேன். அவள் மனசு கோணக்கூடாதே என்று, மேசை இழுப்பறையில் கிடந்த அவளுடைய விளையாட்டுக் கருவியை எடுத்துச் செருகினேன்.

ஏறின வேகத்தில் எதிரே வந்த பேருந்தில் மோதினேன். மறுபடியும் எடுத்து, மறுபடியும் மோதினேன். அந்த ஐரோப்பா ஊர்களில் வலது பக்கம் ஓட்ட வேண்டுமாம். என் கை சொன்னால் கேட்டால்தானே.

"இங்கிலாந்துல ஆரம்பிங்கப்பா," என்றாள் மகள். "அங்க நம்ம ஊரு மாதிரி இடது பக்கம்தான்."

இங்கிலாந்துக்குப் போன பிறகு லோரி என் சொல் கேட்டது. முதல் சரக்கை இறக்க ஒரு கிடங்குக்குள் பின்பக்கமாக விட வேண்டியிருந்தது. பார்க்காமலே எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஒரே தடவையில் உள்ளே போய் நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இனிமேல் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதன் பொருள் அன்றுதான் எனக்குள் இறங்கியது. நிஜ லோரியில் நான் மறுபடி ஏறப்போவதில்லை. கொஞ்சம் அழுதேன். வீட்டில் யாரும் இல்லாததால் துடைக்கவும் அவசரப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நானும் மகளும் சேர்ந்து ஓட்ட ஆரம்பித்தோம். அவள் பினாங்கில், நான் இங்கே. திரையில் அவள் லோரி முன்னால் போகும், என் லோரி பின்னால். காதில் மாட்டிய கருவியில் பேசிக்கொண்டே போவோம். அவள் வேகம். ஒருநாள் வளைவில் லோரியைக் கவிழ்த்துவிட்டாள். நான் சாலையோரம் நிறுத்தி, சிக்னல் போட்டுக் காத்திருந்தேன்.

"நீங்க போங்கப்பா, நான் மறுபடி எடுத்துட்டு வர்றேன்."

"கூட வந்த லோரி கவுந்து கெடக்கறப்ப எவன்டா போவான்?"

அவள் மறுபடி எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் ஓட்டினாள். பிறகு, "நீங்க விழுந்தப்ப யாருப்பா பக்கத்துல இருந்தா?" என்று கேட்டாள்.

அதுவரை நான் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. மகளிடம் சொன்னேன். பக்கத்தில் யாரும் இல்லை. குலை ஏற்றிய ஆட்கள் அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்கள். விழுந்த இடத்திலிருந்து செம்பனை மட்டைகளுக்கு நடுவில் கொஞ்சம் வானம் தெரிந்தது. காலை அசைக்க முடியவில்லை. உன் அம்மாவுக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்பது ஒன்றுதான் நினைப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் மோட்டாரில் வந்தார். எதிரே பார்க்க ஒரு சாலை இருந்ததால் சொல்ல முடிந்தது. நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"ஏன்ப்பா இவ்ளோ நாள் சொல்லல?"

"நீ கேக்கலையே."

"இனிமே கேக்கறேன்," என்றாள். உண்மையாகவே கேட்கிறாள்.

பட்டையைக் கழற்றிய பிறகு லோரி முதலாளியைப் போய்ப் பார்த்தேன். ஓட்ட மாட்டேன் என்பதை என் வாயாலேயே சொன்னேன். எந்த லோரி எந்தத் தோட்டத்துக்குப் போகிறது என்று பார்த்து அனுப்பும் வேலையைக் கொடுத்தார். வாரத்தில் ஐந்து நாள் உட்காரும் வேலை. மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும் என்று என் மனைவி முதலாளியிடமே சொல்லிவைத்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் மகளும் ஓட்டிக்கொண்டிருந்தோம். பேசுவதைத் தானும் கேட்க வேண்டும் என்று மனைவி ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு, கச்சான் கடலை கொறித்துக்கொண்டு என் பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் போகும் ஊரைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டாள். பிறகு சத்தமில்லை.

"அம்மா எங்கப்பா?"

திரும்பிப் பார்த்தேன். கச்சான் பொட்டலம் மடியில் இருக்க, சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"தூங்கிட்டாம்மா."

"அப்ப மெதுவாவே போலாம்ப்பா," என்று மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தேன். அவள் லோரியின் வேகம் குறைந்தது, நானும் குறைத்தேன். பின்னால் வந்த கார்கள் எங்களை ஒவ்வொன்றாக முந்திக்கொண்டு போயின.