மாமிக்கு நான் சொன்ன படம்

எனக்கு எழுத்து சரியாக வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. ஒன்றைச் சொல்லப் போனால் இன்னொன்று வந்து குறுக்கே நிற்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மருமகள் போனில் என்னை இந்தக் குழுவில் சேர்த்துவிட்டாள். திருகோணமலையில் இருப்பவர்களும் இங்கிருந்து வெளிநாடு போனவர்களும் தாங்கள் பார்த்த படங்களைப் பற்றி இதில் எழுதுகிறார்கள். நேற்று வந்த படமும் வரும், நான் சின்னப் பிள்ளையாய்ச் சட்டை போட்டுத் திரிந்த காலத்துப் படமும் வரும். ஒருவர் அருமை என்றால் அடுத்தவர் குப்பை என்பார். நான் காலைத் தேத்தண்ணீரோடு இருந்து எல்லாவற்றையும் வாசிப்பேன். ஒன்றும் எழுதியதில்லை. போன கிழமை ஒரு பழைய படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. பெயரை நான் எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். அந்தப் படத்தால் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். கொப்பியில் எழுதுகிறேன், மருமகள் போனில் அடித்துப் போடுவாள்.

எனக்கு அப்போது பத்து வயது. துறைமுகத்துக்குப் போகிற வீதியில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டினார். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான என் மாமி. மாமி கலியாணம் முடித்து ஒன்றரை வருஷத்தில் அவருடைய புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். மாமி ஒரு தையல் மெசினோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார். அவரை நான் வயது போனவர் என்று நினைத்திருந்தேன். இப்போது கணக்குப் பார்த்தால் அவருக்கு இருபத்தாறு வயதுதான்.

மாமி வெள்ளைச் சீலைதான் உடுப்பார். படத்துக்குப் போகமாட்டார். போகாதே என்று யாரும் சொன்னதில்லை. புருஷன் இல்லாத பெண் தியேட்டருக்குப் போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அவ்வளவுதான். அதனால் படம் பார்த்து வருகிறவர்கள் போகாதவர்களுக்குக் கதை சொல்லவேண்டும். அம்மாவுக்கு அது வராது. "படம் நல்லம்" என்பார், இல்லாவிட்டால் "படம் சரியில்லை" என்பார், குசினிக்குள் போய்விடுவார். ஆகவே அந்த வேலை எனக்கு வந்தது. எழுத்து ஓடுவதில் தொடங்கி முடிகிற வரைக்கும் சொல்லுவேன். பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாட்டும் பாடுவேன். படம் ஓடிய நேரத்தைவிட நான் சொல்லுகிற நேரம் கூடிவிடும் என்று அப்பா சொல்லுவார்.

மாமி மெசினை மிதித்துக்கொண்டே கேட்பார். கதாநாயகன் அடிபட்டு விழுந்தாலும் மிதி நிற்காது. ஆனால் கதாநாயகி புதுச்சட்டையில் வந்தாள் என்றால் கால் நின்றுவிடும்.

"கை எப்பிடி? பலூன் கையோ, சும்மா கையோ?"

"பலூன் கை மாமி."

"விளிம்பில என்ன வைச்சிருந்தது?"

அதைச் சொல்லுவதற்காகவே நான் படத்தில் எல்லாருடைய கைகளையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த மாதம் எங்கள் வீதிப் பெட்டையள் அந்தக் கையோடு திரிவார்கள். படத்தைப் பார்க்காத மாமி தைத்த சட்டைதான் படத்தில் வந்த சட்டையைப் போலவே இருக்கிறது என்று சொல்லுவார்கள்.

அம்மாவுக்கு வாய் கொஞ்சம் காரம். மெசின் சத்தத்தில் தலை வலிக்கிறது என்பார், குசினிப் பக்கம் உதவிக்கு ஆர் எட்டிப் பார்க்கிறார்கள் என்பார். மாமி பதில் சொல்லமாட்டார். நான் எப்போதும் மாமியின் பக்கம்.

அந்த வருஷம் கந்தளாயில் இருந்து மாமிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. சீனித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவருடைய மனைவி முதல் பிள்ளைப்பேற்றில் இறந்துவிட்டார், பிள்ளையும் தங்கவில்லை. அப்பாவின் கூட்டாளி ஒருவர் கொண்டுவந்த பேச்சு. அப்பாவுக்குத் தங்கையிடம் நேரே கேட்கக் கூச்சம், அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னார். அம்மா கேட்டார். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று மாமி சொன்னார். இரண்டு கிழமை, பதினாலு நாளும் யோசித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓம் அல்லது இல்லை என்று சொல்லியனுப்ப வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் அந்தப் படம் வந்தது. ஊரே அதைப் பற்றித்தான் கதைத்தது. சனிக்கிழமை பின்னேரக் காட்சிக்கு அம்மாவும் நானும் போனோம்.

பார்க்காத பிள்ளைகளுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லுகிறேன். கதாநாயகி இளவயதில் புருஷனை இழந்தவள். ஒரு வாத்தியார் அவளை விரும்புகிறார். ஊர் எதிர்க்கிறது. அவளும் கடைசியில் மனம் மாறி ஓம் என்கிறாள். கலியாண நாள் காலையில் செத்த புருஷனின் படத்துக்கு முன்னால் நின்று அழுகிறாள், நஞ்சைக் குடித்துவிடுகிறாள். வாத்தியார் மாலையோடு வந்து நிற்கிறார். தியேட்டரில் மூக்குச் சிந்தும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

வெளியே வந்து கடற்கரைப் பக்கம் திரும்புகிற முடக்கில் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பிள்ளை, மாமிக்குக் கதை சொல்லேக்க அவ செத்ததைச் சொல்லாத. கலியாணம் முடிச்சு நல்லா இருந்தவை எண்டு சொல்லு."

"பொய்யோ அம்மா?"

"படமே பொய்தானே. அதில நீ ஒரு சொட்டு மாத்தினால் என்ன வந்திடும்?"

அம்மா மாமியை வீட்டைவிட்டு அனுப்பப் பார்க்கிறார் என்று மட்டும் விளங்கியது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அம்மாவுக்கு இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரம் மாமிக்குக் கதை சொன்னேன். ஊர் எதிர்த்ததைச் சொன்னேன், பாட்டுப் பாடினேன். கடைசிக்கு வந்தபோது மிதி நின்றது. குசினியில் அம்மா தேங்காய் திருவிய சத்தமும் நின்றது.

"பிறகு?" என்றார் மாமி.

"பிறகு கலியாணம் நடந்தது. ரெண்டு பேரும் காரில ஏறிப் போச்சினம்."

"அவ்வளவுதானோ?"

"ஓம் மாமி. நல்லா இருந்தவை."

"கலியாணத்துக்கு என்ன சீலை கட்டினவ?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "சிவப்பு. கரை பச்சை."

"சட்டைக் கை?"

"பலூன் கை."

"கூறைச் சீலைக்குப் பலூன் கையோ?" என்று மாமி சிரித்தார். குசினியில் தேங்காய் திருவுகிற சத்தம் திரும்பவும் தொடங்கியது. நான் நல்லாய்ச் சமாளித்துவிட்டேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

ஆனால் எங்கள் பக்கம் நாலு வீட்டுக்கு ஒரு கிணறு. திங்கட்கிழமை உடுப்புத் தோய்க்கும்போது தபால்காரரின் மனைவியும் பின்வளவுக் கிழவியும் அதே படத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அவள் செத்ததுதான் சரி," என்றார் தபால்காரரின் மனைவி. "இல்லாட்டி அந்தப் படத்தைக் குடும்பத்தோட இருந்து பாக்கேலுமோ?"

"நீ எங்க கதையைப் பாத்தனி?" என்றார் கிழவி. "அந்த வாத்தியாற்ற மூக்கைத்தானே பாத்துக்கொண்டிருந்தனி. இப்ப வாற படங்களில அழுகையைத் தவிர என்ன இருக்கு? எங்கட காலத்துப் படத்தில அம்பது பாட்டு. ஒருத்தரும் நஞ்சு குடிக்கேல்ல."

"பாடிப் பாடியே செத்திருப்பினம்."

அந்த நேரம் பார்த்து மாமி குடத்தோடு வந்தார். வாளியைக் கிணற்றுக்கட்டில் டாங் டாங் என்று அடித்தேன். போதாதென்று படத்துப் பாட்டு ஒன்றையும் பெரிதாகப் பாடினேன்.

"என்ன, இவளுக்கு விசரோ?" என்று கேட்டுவிட்டு, தபால்காரரின் மனைவி என்னைவிடப் பெரிய குரலில் நஞ்சு குடித்த இடத்தைத் திரும்பவும் சொன்னார்.

மாமி குடத்தை நிரப்பினார், இடுப்பில் வைத்தார், போய்விட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் பாட்டுச் சத்தத்தில் அவருக்கு அது கேட்டிருக்காது என்று நம்பினேன்.

அன்று பின்னேரமே மாமி குசினி வாசலில் வந்து நின்றார்.

"மச்சாள், கந்தளாய் ஆட்களுக்குச் சொல்லியனுப்புங்கோ. எனக்குச் சம்மதம்."

அம்மா "நல்லது" என்றார். திரும்பி அடுப்பை ஊதத் தொடங்கினார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

பதிவுக் கலியாணம், பத்துப் பேருக்குச் சாப்பாடு. மாமி போகும்போது அப்பாவின் காலில் விழுந்தார், என்னைக் கட்டிப்பிடித்தார். அம்மாவிடம் "போட்டு வாறன்" என்று மட்டும் சொன்னார். மெசினையும் பஸ்சில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு மாமி எங்கள் வீட்டுப் படியேறவில்லை. அம்மா சல்லிக் கிராமத்தில் கருவாடு வாங்கி, கந்தளாய்க்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். வாங்கினார்கள் என்று தெரியும், ஒரு சொல் திரும்பி வராது. "நல்லா இருக்கிறாள்தானே, அது போதும்" என்பார் அம்மா. அப்பா செத்த வீட்டுக்கு மாமி வந்தார். முற்றத்தில் நின்று அழுதுவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

எனக்குக் கலியாணம் ஆனபிறகு கந்தளாய்க்கு ஒருமுறை போனேன். மாமி கலர்ச் சீலை உடுத்தியிருந்தார். இரண்டு மகன்கள். மாமா நல்ல மனிதர், எனக்காகக் குளத்து மீன் வாங்கப் போயிருந்தார். தேத்தண்ணீர் தந்துவிட்டு மாமி கேட்டார்:

"அந்தப் படக்கதையை மாத்திச் சொல்லச் சொன்னது உன்ர அம்மாதானே?"

நான் தலையைக் குனிந்தேன்.

"எனக்குக் கிணத்தடியிலயே விளங்கிட்டுது. நீயாப் பொய் சொல்லுற பிள்ளை இல்ல. என்னைப் போ எண்டு நேரே சொல்லியிருக்கலாம். ஒரு சின்னப் பிள்ளையின்ர வாயால சொல்லுவிச்சா. அதுக்குப் பிறகு அந்தச் சோறு எனக்கு இறங்குமோ? அதுதான் ஓம் எண்டனான்."

"இப்ப நல்லா இருக்கிறீங்கள்தானே மாமி?"

"நல்லாத்தான் இருக்கிறன். அது வேற கதை."

மறுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அம்மாவிடமும் இதைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மா செத்தபோது பிரச்சினைக் காலம், சண்டையால் கந்தளாய் வீதி மூடியிருந்தது. வீதி திறந்திருந்தால் மாமி வந்திருப்பாரோ தெரியாது. பிறகு மாமியும் போய்விட்டார்.

போன கிழமை குழுவில் ஒரு பிள்ளை அந்தப் படத்தைப் பற்றி எழுதியிருந்தது: "நடிப்பு நல்லம், பாட்டு நல்லம். ஆனால் அவளை ஏன் சாகடித்தார்கள்? வாழவிட்டிருந்தால் இவர்களுக்கு என்ன குறைந்திருக்கும்?"

அதை வாசித்தபோதுதான் அந்தப் பின்னேரத்தின் விட்டுப்போன துண்டு எனக்கு ஞாபகம் வந்தது. தியேட்டர் வாசலில் இருந்து அந்த முடக்கு வரைக்கும் அம்மா தனக்குள் பேசிக்கொண்டே வந்தார். நான் கச்சான் கடலை விற்பவரைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஆரோ இடித்துவிட்டதற்குத்தான் ஏசுகிறார் என்று நினைத்தேன். ஆனால் காதில் விழுந்தது இதுதான்: "படமெடுத்த பாவி அந்தப் பெட்டையைச் சாக்காட்டிப்போட்டான். வீட்டில ஒருத்தி ரெண்டு கிழமையா யோசிச்சுக்கொண்டிருக்கிறாள். நான் இப்ப அவளிட்டப் போய் என்னத்தைச் சொல்ல?"

இதைக் கேட்டும் அந்த வயதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியிருந்தால் கந்தளாயில் தலையைக் குனிந்திருக்கமாட்டேன், அம்மா உங்களைத் துரத்த நினைக்கவில்லை என்று மாமியிடம் சொல்லியிருப்பேன்.

நாங்கள் பார்த்தது சனிக்கிழமைதானா, அவள் குடித்தது நஞ்சுதானா, மாலையோடு வந்தவர் வாத்தியார்தானா என்று எனக்கு முழு நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். மாமியின் மகன்மார் யாராவது இந்தக் குழுவில் இருந்தால், அம்மா தெருவில் சொன்னதை மட்டும் திருத்தவேண்டாம். அதைக் கேட்டது நான் ஒருத்திதான்.