எடைமேடை வராத படம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன்குழம்புச் சாப்பாட்டுத் தூக்கத்தில் இருந்த என்னை மகள் வந்து உலுக்கினாள். "அம்மா, உன்னோட செக்போஸ்ட் கதைய சீரியலா எடுத்திருக்காங்க, எழுந்து வா." கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தேன். எல்லாம் இருந்தது. நட்சத்திரங்களுக்கு நடுவில் செக்போஸ்ட், எப்போதும் சளி பிடித்த அதிகாரி, வரிசையில் நிற்கும் விண்வெளி லாரிகள். லாரியை எடை போடும் எடைமேடைகூட இருந்தது. ஆனால் அது ஒரு சின்னப் பெண்ணின் குரலில் தேன் ஒழுகப் பேசியது. "தப்பு! அதோட குரல் இது இல்ல" என்று கத்திவிட்டேன்.

"புத்தகத்துல எப்படிம்மா குரல் கேக்கும்?" என்றாள் மகள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குக் கேட்டதே, என்ன செய்ய?

அந்தப் புத்தகத்தை நினைத்தாலே எனக்கு கூலண்ட் வாடை அடிக்கும். மிஷினில் இரும்பு வெட்டும்போது சூடு தணிய ஊற்றுவார்களே, பால் நிறத்தில் எண்ணெய்த் தண்ணீர், அதுதான். எண்பதுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நான் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்தேன். புது மிஷின் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஊருக்குப் போகும்போது அதன் தலையில் ஒரு இங்கிலீஷ் சிரிப்புக் கதைப் புத்தகத்தை மறந்து வைத்துவிட்டுப் போனார். கூலண்ட் ஊறிப் பாதி அட்டை கழன்றிருந்தது. கழிவோடு போட இருந்ததைக் கெஞ்சி வாங்கிக்கொண்டேன். வாங்கினால் போதுமா? எங்கள் கேட்டைத் தாண்டி ஒரு ஸ்குரூகூட கேட் பாஸ் இல்லாமல் வெளியே போகாது. செக்யூரிட்டி அண்ணன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "பழைய புத்தகம், ஒன்று, உபயோகமற்றது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிரிப்புக் கதைகளைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மனிதர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்.

டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். இரண்டு விண்மீன் ராஜ்ஜியங்களின் எல்லையில் ஒரு செக்போஸ்ட். அதில் ஓர் அதிகாரி, ஒரு எடைமேடை. எடைமேடைக்கு வாய் உண்டு, அதைவிடப் பெரிய சங்கடம், மனசும் உண்டு. மேலே ஏறி நிற்பவரிடம் எடையை மட்டும் சொல்லாது. "அறுபது கிலோ. அதில் பத்து கிலோ கவலை" என்று சொல்லும். தூரத்திலிருந்து வரும் லாரிகளைப் பார்த்து இரக்கப்பட்டு எடையைக் குறைத்துச் சொல்லும். அதிகாரி தலையில் அடித்துக்கொள்வார். கர்நாடக எல்லையில் மணிக்கணக்காக லாரிகள் நிற்பதைத் தினமும் பார்க்கிற எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதில் விளக்க வேண்டியது ஒன்றுமே இல்லை.

கம்பெனி பஸ் கிருஷ்ணகிரியில் கிளம்பும். நான் அங்கேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். குருபரப்பள்ளியில் ரத்னம்மா அக்கா ஏறுவார், பேக்கிங் பிரிவு, வீட்டில் கன்னடம். சூளகிரியில் செல்வராஜ், பேரிகைப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம். என் அப்பா அப்படிப்பட்டவர்கள் நிலத்தில் கூலிக்குப் போனவர். நாலு பேர் முன்னால் சத்தமாகப் பேசுவது எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லாத காரியம். அதனால் அந்த பஸ்ஸில் நான் ஜன்னலோரம் ஏற்றிவைத்த மூட்டை மாதிரிதான் வந்துபோய்க்கொண்டிருந்தேன்.

ஒருநாள் புத்தகத்தைப் படித்துத் தனியாகச் சிரித்துவிட்டேன். ரத்னம்மா அக்கா முழங்கையால் இடித்தார். "இன்னா பாப்பா, நீ மட்டும் சிரிச்சிக்கினு வர்றே? சொன்னா நாங்களும் சிரிப்போமில்ல?"

சொன்னேன். முதலில் அவருக்கு மட்டும். பிறகு முன்சீட், பின்சீட். ஒரு வாரத்தில் பஸ்ஸே கேட்டது. நான் நிறுத்தினால் "அப்புறம்?" என்று ஒரு குரல், "ஆமேலே?" என்று கன்னடத்தில் ஒரு குரல், "தர்வாத்த?" என்று டிரைவர் சீட்டிலிருந்து தெலுங்கில் ஒரு குரல். தாங்கள் ஏறும் முன்பே பாதி கதை போய்விடுகிறது என்று சூளகிரிக்காரர்கள் சண்டைக்கு வந்ததால், அவர்களுக்காக ரத்னம்மா அக்கா முன்கதை சொல்வார். அவர் வாயில் அந்தச் சளி பிடித்த அதிகாரிக்கு ஒரு மாமியார் முளைத்துவிட்டாள். புத்தகத்தில் அப்படி யாரும் இல்லை. நானும் மறுக்கவில்லை, மாமியார் நன்றாகத்தான் இருந்தாள்.

எடைமேடையின் குரல் டிரைவர் முனிரத்னம் அண்ணனுடையது. பீடி குடித்துக் கரகரத்த தொண்டை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆள் ஏற ஏற, கண்ணாடியில் பார்த்து, "எழுபது கிலோ! அதுல இருபது கிலோ பொண்டாட்டி சண்டெ!" என்று அறிவிப்பார். ஏறுகிறவர் சிரிக்காமல் உட்கார முடியாது. சில நாள் அவர் சொன்னது சரியாகவும் இருந்துவிடும்.

கதை முடிவை நெருங்கியது. பொய் எடை சொல்கிற எடைமேடையைக் கழற்றி எறியும்படி தலைமை அலுவலகம் உத்தரவு போட்டுவிட்டது. கதை அங்கே நிற்கும்போதுதான் ஓசூர் பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் பார்த்தோம். புத்தகத்தின் பெயரிலேயே, அதே கதை இங்கிலீஷ் படமாக வந்திருந்தது. "முடிவச் சொல்லாதே பாப்பா, படத்துலயே பாத்துக்கலாம்" என்று ரத்னம்மா அக்கா என் வாயைப் பொத்திவிட்டார். காலை ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் அப்படியே தியேட்டருக்குப் பின்னால் போய் நின்றது. யாராவது கேட்டால் டயர் பஞ்சர் என்று சொல்வதாக ஒரே மனதாகத் தீர்மானம். யூனிஃபார்மோடு வரிசை வரிசையாக உட்கார்ந்தோம்.

படத்தில் அதிகாரிக்குச் சளி இல்லை. சட்டையும் இல்லை, ஆள் பயில்வான். கையில் துப்பாக்கி. செக்போஸ்ட்டை வில்லன் வெடி வைத்துத் தகர்க்கிறான். எடைமேடையைக் காணோம். "செகண்ட் ஹாஃப்ல வரும்" என்று இடைவேளையில் முறுக்கு தின்றபடி சமாதானம் சொன்னார் செல்வராஜ். வரவில்லை. கதாநாயகன் கதாநாயகிக்கு முத்தம் கொடுத்தான், விளக்கு போட்டுவிட்டார்கள்.

செல்வராஜ் சீட்டின் மேல் ஏறி நின்று கூவினார். "ஆப்பரேட்டர்! எடமேட ரீல எங்கய்யா வெட்டிப் போட்டே?"

நீங்கள் சிரிக்கக் கூடாது. அந்தக் காலத்தில் அடுத்த காட்சிக்கு நேரமாகிவிட்டால் ஒரு பாட்டையோ சண்டையையோ சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிற தியேட்டர்கள் உண்டு. நாங்கள் எல்லோருமே அதில் அடிபட்டவர்கள். ஆகவே மொத்த பஸ்ஸும் ஆப்பரேட்டர் கேபின் படியில் ஏறியது. மேனேஜர் ஓடிவந்தார். ஆப்பரேட்டர் ரீல் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி, பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்தார். "ஒரு அடிகூட வெட்டலீங்க. இந்தப் படத்துல அப்பிடி ஒண்ணு கெடயவே கெடயாதுங்க."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"ஏம்மா," என்றார் செல்வராஜ், கோபமில்லாமல், அதுதான் இன்னும் மோசம். "நெஜமாவே புக்குல இருந்துச்சா? இல்ல நீயா கட்டி விட்டியா?"

நாளையிலிருந்து மறுபடி ஜன்னலோர மூட்டைதான் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. அந்த பஸ்ஸில் எனக்குக் கிடைத்த குரல் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. டிபன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். யாரிடமும் நீட்டவில்லை. கடைசி அத்தியாயத்தைப் பிரித்து, அந்தக் கேபின் படியிலேயே நின்று, ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் குரல் நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை.

பழைய எடைமேடையைக் கழற்றி லாரியில் ஏற்றுகிறார்கள். அந்த இடத்தில் புது எடைமேடை வந்திருக்கிறது, கறார் பேர்வழி, பொய்யே சொல்லாது. முதல் வண்டியாக இந்த லாரியே அதன் மேல் ஏறுகிறது. புதுசு எடை போடுகிறது. பழசு கேட்கிறது: "எவ்வளவு தம்பி?" புதுசு வெகு நேரம் கணக்குப் போடுகிறது. அதன் முள் ஆடிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் சொல்கிறது: "காலி வண்டி. போகலாம்."

ரத்னம்மா அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். பிறகு படிக்கட்டு முழுக்க ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், மேனேஜரும் சேர்ந்து சிரித்தார். "இதப் படத்துல வெச்சிருந்தா இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருப்பேனே" என்றார். செல்வராஜ் போஸ்டர் பக்கம் திரும்பித் தீர்ப்பு சொன்னார்: "அப்ப படந்தான் தப்பு. எடுத்தவன் புக்க ஒழுங்காப் படிக்கல."

இப்போது யோசித்தால் படத்தின் மேல் முழுக் குற்றமும் இல்லை. எடைமேடை என்பது தரையோடு தரையாகக் கிடக்கும் இரும்புத் தகடு. கேமராவுக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது? புத்தகத்தில் அது ஒன்று சொல்லும். எழுதியவர் காது கேளாதவர் மாதிரி வேறு பேச்சுக்குப் போய்விடுவார். சிரிப்பு அந்த இடைவெளியில் இருக்கிறது. அதைப் படம் பிடிக்க முடியாது. ஆனால் வாயால் சொல்ல முடியும், ஓடுகிற பஸ்ஸிலும் சொல்ல முடியும். இதை அன்றைக்கே செல்வராஜிடம் சொல்லியிருந்தால் அவர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

திரும்புகிற வழியில் என் ஜன்னலோர சீட்டுக்குப் போகப் பார்த்தேன். முனிரத்னம் அண்ணன் விடவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடியின் மேல் சாக்கு விரித்த இடம் ஒன்று இருக்கும். அதைத் தன் துண்டால் தட்டினார். "இங்க குந்தும்மா. எல்லார் மொகத்தையும் பாத்து, மொதல்லேந்து சொல்லு." அடியில் இன்ஜின் சூடு. எதிரில் அத்தனை முகங்கள். வேலையை விடும்வரை அதுதான் என் இடம்.

அந்தத் தியேட்டரை இடித்துவிட்டார்கள். முனிரத்னம் அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். கம்பெனி பஸ்கள் இன்றும் நெடுஞ்சாலையில் போகின்றன, ஏ.சி. போட்டு, சத்தமில்லாமல். ஒருநாள் ஒன்றில் ஏறிப் பார்த்தேன். இன்ஜினைப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். சீட்டுகள் எல்லாம் முன்பக்கம் பார்த்து இருக்கின்றன. ஆட்களைப் பார்த்தபடி உட்கார அந்த பஸ்ஸில் ஓர் இடம்கூட இல்லை.